கடலில் சாது, தொட்டியில் ரவுடி
சிறிய உப்புநீர்த் தொட்டி வைப்பவர்கள் நிறத்தைவிடக் குணத்தைப் பார்த்து மீன் வாங்குவது நல்லது

அந்தமானின் ஹேவ்லாக்குக்கு 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் அங்குள்ள 'நெமோ ரீஃப்' பவளப்பாறைகளுக்கு மவுசு குறையவில்லை. நீச்சல் கண்ணாடியை மாட்டித் தலையை அமிழ்த்தினால் கடற்சாமந்தியின் விரல்களுக்கிடையே ஆரஞ்சு நிறக் கோமாளி மீன். பக்கத்திலேயே கறுப்பு டாம்சல். சற்றுத் தள்ளிப் பாறையை மேயும் சர்ஜன் மீன்கள். பார்ப்பவர்களுக்கு ஆசை வருவது இயல்பு: இதை அப்படியே வரவேற்பறையில் வைத்தால் என்ன?

சிக்கல் இங்கேதான். கடலில் சண்டையில் தோற்ற மீன் ஓடி ஒளிய இடமுண்டு. 100 லிட்டர் தொட்டியில் அது மூலையில் ஒதுங்கும், இரை எடுக்காது, கடைசியில் செத்து மிதக்கும்.

வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு டாம்சல் குஞ்சாக இருக்கும்வரைதான் அழகு. வளர்ந்ததும் தொட்டி முழுவதும் தனக்கே என்று மற்றவற்றை விரட்டும். சர்ஜன் மீனுக்கு நீந்த நீளமான இடம் வேண்டும். சிங்க மீன், வாயில் அடங்கும் எதையும் விழுங்கிவிடும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவள உயிர்களையே தின்பவை. கடைத் தீனியைச் சீண்டாமல் பட்டினி கிடக்கும்.

அப்படியானால் எதை வாங்குவது? ஒரு ஜோடி கோமாளி மீன்கள். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கோமாளிகள் எல்லாமே முதலில் ஆண்கள்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். எனவே ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இரண்டு இளம் மீன்களைச் சேர்த்து வாங்கினால் சண்டை குறைவு. மூன்றாவதாக ஒன்றை விட்டால் வம்பு. கடற்சாமந்தி கட்டாயமில்லை. துணைக்கு, உளுவைக்கு உறவான 'ஃபயர்ஃபிஷ்' ஒன்று போதும். பயந்த சுபாவம். மிரண்டால் துள்ளி வெளியே விழும் என்பதால் தொட்டிக்கு மூடி அவசியம்.

தொட்டியில் விடும் வரிசையும் முக்கியம். முதலில் சாது, கடைசியில் கோமாளிகள். அதற்கும் முன்பே சில வாரங்கள் தொட்டியை மீனில்லாமல் ஓடவிட வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷத்தை முறிக்கும் பாக்டீரியா பெருக அந்த அவகாசம் தேவை.

மீனைக் கடலிலிருந்து பிடித்துவர வேண்டியதில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியுள்ளன. பண்ணைக் குஞ்சுகள் தொட்டிக்கும் தீனிக்கும் பழகியவை. பவளத்தையும் கடற்குதிரையையும் தொடவே கூடாது. 2001இல் இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாகச் சேர்க்கப்பட்டன. ஹேவ்லாக்கின் கோமாளியை ஹேவ்லாக்கிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.