புதிய கேமிங் கணினியா? ‘அல்ட்ரா’வை அழுத்தும் முன் ஒரு சோதனை

என் முன்னாள் மாணவர் ஒருவர், எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் பேரங்காடியில் வேலைக்குச் சேர்ந்தார். சில மாதச் சம்பளத்தைச் சேர்த்துவைத்து ஒரு கேமிங் கணினி வாங்கினார். இரண்டு வாரம் கழித்து என்னைக் கைப்பேசியில் அழைத்தார்.

“டீச்சர், கேம் விட்டு விட்டுப் போகுது. கடையில ஏமாத்திட்டாங்கன்னு அப்பா சொல்றாரு. கிராஃபிக்ஸ் கார்டு மாத்தணும்னா இன்னும் 1,500 வெள்ளி வேணுமாம். காலேஜ் பதிவுக்கு வச்சிருக்கிற காசுதான் இருக்கு” என்றார்.

அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கணினியில் பழுது எதுவும் இல்லை. விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், எல்லாமே ‘அல்ட்ரா’வில் இருந்தன. “காசு கொடுத்து வாங்கியாச்சு, அப்புறம் ஏன் டீச்சர் குறைச்சு வைக்கணும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். புதிய கணினி வாங்கிய பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இதற்கு விடை காணப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. பள்ளி அறிவியல் பாடமே போதும்.

16.7 மில்லி விநாடிக்குள் ஒரு படம்

திரையில் எதுவும் உண்மையில் அசைவதில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக வருவதால், நம் மூளை அவற்றை அசைவாக எடுத்துக்கொள்கிறது. அந்த ஒவ்வொரு படத்தையும் ‘ஃபிரேம்’ என்கிறோம். விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், ஒரு ஃபிரேமை வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைக்கும் நேரம் 1,000 மில்லி விநாடியை 60ஆல் வகுத்தால் வருவது. அதாவது, ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ் திரையாக இருந்து, அதன் முழு வேகமும் வேண்டுமென்றால், 6.9 மில்லி விநாடிதான்.

அந்த நேரத்துக்குள் எத்தனை புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும் தெரியுமா? 1920 x 1080 திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 பிக்சல்கள். 4கே எனப்படும் 3840 x 2160 திரையில் அதைப்போல் சரியாக நான்கு மடங்கு. திரை பெரிதா சிறிதா என்பது வேறு. பிக்சல் எண்ணிக்கைதான் வேலையின் அளவு.

ஆகவே, அமைப்புப் பக்கத்தை ஒரு வீட்டுச் செலவுக் கணக்கைப் போலப் பாருங்கள். நிழல், பிரதிபலிப்பு, புல், புகை என்று நீங்கள் உயர்த்தும் ஒவ்வொன்றும் அந்த 16.7 மில்லி விநாடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. ‘அல்ட்ரா’ என்பது கையிலுள்ளதை எல்லாம் ஒரே நாளில் செலவழிப்பது மாதிரி.

எது அதிகம் தின்னும்?

நிழலை எடுத்துக்கொள்வோம். விளக்கு இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எவையெல்லாம் தெரியும் என்று கணினி முதலில் தனியாக ஒரு படம் வரைகிறது. அந்தப் படத்தில் தெரியாத இடமெல்லாம் நிழல். இந்த உத்தியை லான்ஸ் வில்லியம்ஸ் 1978ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். இன்றும் விளையாட்டுகள் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. அந்த நிழல்படத்தின் அகலமும் உயரமும் இரு மடங்கானால், புள்ளிகள் நான்கு மடங்காகும். நிழலின் விளிம்பு சற்றுத் தெளிவாகத் தெரிவதற்காக இவ்வளவு வேலை. ஓடிக்கொண்டே விளையாடும்போது அந்த விளிம்பை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

அதைவிடப் பெரிய செலவு ‘ரே டிரேசிங்’. ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கதிர் கதிராகக் கணக்கிடும் முறை இது. 1980ஆம் ஆண்டில் டர்னர் விட்டட் இம்முறையில் உருவாக்கிய கண்ணாடிப் பந்துகளின் படம் ஒன்றை வெளியிட்டார். அந்த ஒரே படத்துக்கு அன்றைய கணினி ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது. இதற்கெனத் தனிப் பகுதிகள் கொண்ட வரைகலை அட்டைகளை என்விடியா 2018இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான், வீட்டுக் கணினி விளையாட்டுகளில் இது நடைமுறைக்கு வந்தது. நடுத்தர விலை அட்டை வைத்திருப்பவர்கள் முதலில் அணைத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

‘டெக்ஸ்சர்’ என்பது வேறு வகை. சுவரின் செங்கல், சட்டையின் நெசவு போன்ற மேற்பரப்புப் படங்கள் அவை. வரைகலை அட்டையின் சொந்த நினைவகத்தில் இடம் இருக்கும்வரை, இதை உயர்த்துவதால் வேகம் அதிகம் குறையாது. இடம் நிறைந்துவிட்டால் கதையே மாறிவிடும். மிச்சப் படங்களைக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து ஒவ்வொரு முறையும் கொண்டுவர வேண்டும். அந்தப் பாதை மெதுவானது. அப்போதுதான் ‘விட்டு விட்டு’ ஓடும்.

என் மாணவரின் கணினியில் நடந்ததும் இதுவே. அவர் அட்டையின் நினைவகம் 8 ஜிகாபைட். விளையாட்டின் அமைப்புப் பக்கத்திலேயே நினைவகப் பட்டை சிவப்பாகி, அந்த எல்லையைத் தாண்டி நின்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

சராசரி சொல்லாத உண்மை

“ஆனா 60 ஃபிரேம் காட்டுதே டீச்சர்?” என்று அவர் கேட்டார். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒரு விநாடியில் 59 ஃபிரேம்கள் ஒவ்வொன்றும் 10 மில்லி விநாடியில் வருகின்றன. மொத்தம் 590. கடைசி ஒரு ஃபிரேம் மட்டும் 410 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. கூட்டினால் 1,000. கணினியும் பொய் சொல்லாமல் ‘60’ என்றுதான் காட்டும். உங்கள் கண்ணுக்கோ, கிட்டத்தட்ட அரை விநாடி எல்லாம் உறைந்து நின்றதுபோல் இருக்கும். வகுப்பின் சராசரி மதிப்பெண் நன்றாக இருப்பதால் எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாதல்லவா? அதனால், சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். சீராக வருகிறதா என்று பாருங்கள்.

ரொட்டி சானாய்க் கடையில் ஒரு பாடம்

கடையில் ஒருவர் மாவை வீசுகிறார். இன்னொருவர் கல்லில் சுடுகிறார். மாவு வீசுபவர் மெதுவானவர் என்றால், கல்லை இரு மடங்கு பெரிதாக்கினாலும் ரொட்டி கூடுதலாக வராது. கணினியிலும் அப்படியே. காட்சியில் யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று தீர்மானிப்பது மையச் செயலி. அதை வரைவது வரைகலை அட்டை.

எது மெதுவானது என்று அறிய எளிய வழி உண்டு. விளையாட்டின் திரைத் தெளிவை 1280 x 720க்குக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால், வரைகலை அட்டைதான் திணறிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை அப்படியே இருந்தால், தடை செயலியில் இருக்கிறது. அப்போது புதிய அட்டை வாங்குவது பெரிய கல் வாங்குவதற்குச் சமம். கூட்டத்தின் அளவு, தொலைவுக் காட்சி போன்ற அமைப்புகளைக் குறைத்துப் பாருங்கள். செயலியின் சுமை குறையும்.

இனி உங்கள் சோதனை

முதலில் இரண்டைச் சரிபாருங்கள். திரையின் கம்பி வரைகலை அட்டையில் செருகப்பட்டிருக்க வேண்டும், தாய்ப்பலகையில் அன்று. பிறகு விண்டோஸ் திரை அமைப்பில் ஹெர்ட்ஸ் அளவைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கிவிட்டு 60இலேயே ஓட்டுபவர்கள் நிறைய பேர். என் மாணவரும் அவர்களில் ஒருவர்!

அடுத்து, எல்லாவற்றையும் ‘ஹை’யில் வையுங்கள். ‘அல்ட்ரா’வுக்கும் இதற்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் சிறிதே. விளையாட்டில் நெரிசலான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதே பாதையில் இரண்டு நிமிடம் நடங்கள். விண்டோஸ் விசையுடன் ஜி எழுத்தை அழுத்தினால், ஃபிரேம் எண்ணிக்கையைக் காட்டும் பலகை திறக்கும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரே ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, அதே நடையை மீண்டும் நடங்கள். நீங்கள் மாற்றுவது தற்சார்பு மாறி. ஃபிரேம் எண்ணிக்கை சார்பு மாறி. மற்ற எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். நான்கு அமைப்புகளை ஒன்றாக மாற்றிவிட்டு “இப்ப நல்லா இருக்கு” என்றால், எது காரணம் என்று உங்களுக்கே தெரியாது.

இன்னும் வேகம் தேவையென்றால் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் ஆகிய வசதிகள் உண்டு. குறைந்த தெளிவில் வரைந்து, பிறகு பெரிதாக்கித் தருபவை இவை. 4கே திரையில் ‘குவாலிட்டி’ முறை 2560 x 1440 அளவில் வரைகிறது. அங்கே வேறுபாடு தெரிவது அரிது. 1080 திரையில் அதே முறை 720 அளவிலிருந்து பெரிதாக்குவதால், படம் சற்று மங்கலாம்.

இறுதியாக, ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 150 ஃபிரேம் வரைவதில் பெரும்பகுதி வீண். அட்டை உண்ணும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகி, உங்கள் அறையில்தான் சேர்கிறது. நம் நாட்டில் அறையே 30 டிகிரி செல்சியசுக்கு மேல். விசிறி அந்த அறைக் காற்றைத்தானே உள்ளே தள்ளும்? அதிகம் சூடானால் அட்டை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 300 வாட் கணினியை நாளுக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால், 30 நாளில் 36 யூனிட் மின்சாரம். கட்டணம் செலுத்துபவர் அம்மாவா அப்பாவா என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று என் மாணவர் டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினார். நிழலையும் ஒரு படி இறக்கினார். ஒவ்வொன்றாக மாற்றி, பழைய பயிற்சிப் புத்தகத்தில் அட்டவணை போட்டார். ஒரு மணி நேரத்தில் விளையாட்டு சீராக ஓடியது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, “அப்படின்னா கடைக்காரர் மேல தப்பு இல்லையா டீச்சர்?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

அந்த 1,500 வெள்ளி கல்லூரிப் பதிவுக்கே போனது. நீங்களும் புதிதாக ஒரு பொருள் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன், ஒரு தாளும் பேனாவும் எடுத்து, ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.