கிக்கரை உதைக்கிறதுக்கு முன்னாடி..!

ஹாஸ்டல் ரூம் சுவர்ல சிவப்பு ஃபெராரி போஸ்டர். பாக்கெட்ல பஸ் பாஸ். இதானே பாஸ் நம்ம நிலைமை?

ஸ்போர்ட்ஸ் கார் கனவு காணாத ஆள் யாரு? 2005-ல் நம்ம கோவைக்காரர் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்துல இறங்கின முதல் இந்தியர் ஆனப்போ, கோரிப்பாளையம் சிக்னல்ல நின்ன டி.வி.எஸ்.50-கூட ஒரு உறுமு உறுமிச்சு. ஆனா, கனவு வேற, கையில இருக்கிற காசு வேற. மதுரையில ஒரு காலேஜ் ஸ்டூடன்ட் கைக்கு எட்டுற முதல் 'ஸ்போர்ட்ஸ் கார்' எது தெரியுமா? அதுக்கு நாலு சக்கரம் கிடையாது. ரெண்டே சக்கரம், ஒரு கிக்கர், பின்னாடி கொஞ்சம் புகை... யெஸ், செகண்ட் ஹேண்ட் யமஹா ஆர்.எக்ஸ்.100!

'மாப்ள, ஒரு ஆர்.எக்ஸ். வருது... எடுத்துடலாமா?'னு உங்க காதுல யாராவது கிசுகிசுத்திருந்தா, அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க.

வயசுல மூத்த அண்ணன்!

வண்டின்னா நம்ம ஊருக்குத் தனிப் பாசம். டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் ஆரம்பிச்ச டி.வி.எஸ். வேர் விட்டதே இந்த மண்ணுலதான். ஆனாலும் 1985-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி, ஜப்பான் யமஹாவோட கைகோத்து ஆர்.எக்ஸ்.100-ஐ இறக்கினதும் பசங்க மனசு அந்தப் பக்கம் சாய்ஞ்சுடுச்சு.

ஏன்? கணக்கு சிம்பிள். 98 சி.சி. இன்ஜின், 11 குதிரை சக்தி, எடையோ சுமார் நூறு கிலோதான். அதுவும் டூ ஸ்ட்ரோக். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா ஒரு தடவை பெட்ரோல் எரியும். டூ ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு சுத்துக்கும் எரியும். ஆக்ஸிலேட்டரைத் திருகினதும் நெஞ்சைப் பிடிச்சு இழுக்கிற அந்த 'ஜிவ்வ்' இருக்கே, அது இதனால வர்றதுதான்.

1996-ல் உற்பத்தி நின்னுபோச்சு. புகை விதிகள் இறுக இறுக, டூ ஸ்ட்ரோக் பைக் காலமே முடிஞ்சுது. அப்படின்னா, இன்னிக்கு ரோட்டுல ஓடுற ஆர்.எக்ஸ்.களிலேயே கடைக்குட்டிக்குக்கூட 30 வயசு ஆகுது. உங்களைவிட மூத்தது. 'அண்ணே'னுதான் கூப்பிடணும்!

முதல்ல பேப்பர்... அப்புறம்தான் பைக்!

விக்கிறவர் டேங்கைப் பளபளன்னு பாலிஷ் போட்டு நிறுத்தியிருப்பார். மயங்காதீங்க. 'ஆர்.சி.யைக் காட்டுங்கண்ணே'னு முதல்ல கையை நீட்டுங்க.

வருஷம்: 1997-க்குப் பிறகு தயாரான வண்டின்னு ஆர்.சி. சொன்னா, டேங்க்ல என்ன ஸ்டிக்கர் இருந்தாலும் அது ஆர்.எக்ஸ்.100 இல்லை. பின்னாடி வந்த 132 சி.சி. வண்டிக்கு வேஷம் கட்டியிருக்காங்க. அதுவும் நல்ல வண்டிதான். ஆனா, நீங்க குடுக்கப்போற விலை அதுக்கு இல்லையே!

நம்பர்: சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் ஆர்.சி.யோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க. மெல்லிசான தாளை வெச்சுப் பென்சிலால தேய்ச்சா நம்பர் அப்படியே பதியும். உரசின தடமோ, வெல்டிங் தடமோ தெரிஞ்சா, பாதி விலைக்குக் குடுத்தாலும் திரும்பிப் பார்க்காம நடையைக் கட்டுங்க.

ஆயுசு: சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். பிறகு 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 1990-ல் பதிவான வண்டின்னா 2005, 2010, 2015, 2020, 2025... எங்கேயாவது விட்டுப்போயிருந்தா அந்தச் செலவு உங்க தலையில. 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின டூவீலருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2,000 ரூபாயா உயர்த்திடுச்சு. பசுமை வரி தனி.

பேர்: இதுதான் முக்கியம். ஆர்.சி.யில இருக்கிறவர் யாரு? எங்கே இருக்கார்? முதல்ல, இருக்காரா? முப்பது வருஷ வண்டியில இந்தக் கேள்வியைக் கூச்சப்படாம கேக்கணும். அவர் இருந்தா, படிவம் 29, 30-ல கையெழுத்து வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பேர் மாத்திடலாம். தவறிட்டார்னா, முதல்ல வாரிசு பேருக்குப் படிவம் 31 மூலமா மாறணும். அப்புறம்தான் உங்க பேருக்கு. அந்தக் காலத்துல ஃபைனான்ஸ்ல எடுத்த வண்டியா இருந்தா, கடன் முடிஞ்சும் ஆர்.சி.யில அந்தக் குறிப்பு அப்படியே இருக்கலாம். கடன் குடுத்த கம்பெனியே இன்னிக்கு இல்லாம போயிருக்கலாம்! இதெல்லாம் விக்கிறவர் முடிச்சுக் குடுக்க வேண்டிய வேலை. 'நீங்க பணத்தைக் குடுங்க தம்பி, பேர் மாத்துறதை அப்புறம் பாத்துக்கலாம்'னு சொன்னா, 'நீங்க பேரை மாத்திக் குடுங்கண்ணே, பணத்தை அப்புறம் பாத்துக்கலாம்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க.

ஏன் இவ்வளவு கறார்? பல கை மாறின ஒரு வண்டி விபத்துல சிக்கின வழக்குல, ஆர்.டி.ஓ. பதிவேட்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்புன்னு 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. வண்டியை எப்பவோ வித்துட்ட மனுஷன், எங்கேயோ நடந்த விபத்துக்குப் பதில் சொல்லணும். நாளைக்கு நீங்க விக்கும்போது அந்த மனுஷன் நீங்களா இருக்கலாம். இப்ப வாங்கும்போதோ, வண்டி திருடு போனாக்கூட 'என் வண்டி'ன்னு சொல்ல உங்க கையில ஒரு காகிதம் இருக்காது.

வெறும் ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் வாங்கி வெச்சு, கை மாத்தி கை மாத்தி விக்கிற புரோக்கர் வழக்கம் இன்னும் இருக்கு. அந்தச் சங்கிலியில நீங்க ஒரு கண்ணி ஆகாதீங்க.

இன்ஜினைத் தொட்டுப் பாருங்க!

காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க. 'நான் வர்றவரை ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே'னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் இன்ஜின் மேல கை வைங்க. சூடா இருந்தா, உங்களுக்கு முன்னாடியே யாரோ உதைச்சு உதைச்சு உயிர் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம். நல்ல வண்டி, குளிர்ந்த நிலையிலயே ரெண்டு மூணு உதையில எழுந்துக்கும். கிக்கரை மெதுவா அமுக்கினா கால் எதிர்ப்பை உணரணும். 'பொதக்'குனு இறங்கினா கம்ப்ரஷன் போச்சு.

ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் நீலப் புகை வர்றது டூ ஸ்ட்ரோக்குக்குச் சகஜம். ஆயிலும் சேர்ந்துதானே எரியுது! ஆனா, சூடான பிறகும் தெருவே மறையிற மாதிரி புகைஞ்சா யோசிங்க. கிராங்க் சீல் போயி, கியர்பாக்ஸ் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கலாம்.

அடுத்து, விக்கிறவருக்குப் பழக்கமில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. ஒரு டீ, ஒரு வடை, அவரோட அரை நாள் கூலி... இதைவிட மலிவான இன்சூரன்ஸ் கிடையாது. அவர்கிட்ட கேக்க வேண்டிய முக்கியமான கேள்வி: 'அண்ணே, இது எத்தனாவது போர்?' ஆர்.எக்ஸ்.100 சிலிண்டரோட குறுக்களவு 50 மில்லிமீட்டர். தேயத் தேய, கடைஞ்சு கொஞ்சம் பெரிசாக்கி, அதுக்கேத்த பெரிய பிஸ்டன் போடுவாங்க. கடைசி சைஸ் வரைக்கும் கடைஞ்சாச்சுன்னா அடுத்தது ஸ்லீவ் மாத்துறதுதான். அந்தச் செலவை விலையில கழிச்சுட்டுப் பேசுங்க.

டெஸ்ட் ரைடு போகும்போது காலி ரோட்டுல முறுக்கிப் பார்த்துட்டு வந்துடாதீங்க. கோரிப்பாளையத்துல இருந்து ஏ.வி. பாலம் வழியா சிம்மக்கல் வரைக்கும் நெரிசல்ல ஓட்டுங்க. சூடானதும் ஆஃப் பண்ணி மறுபடி உதைங்க. அப்ப எழுந்தா நல்ல பிள்ளை!

ரூபாயை மூணாப் பிரிங்க!

கையில இருக்கிற பணம் மொத்தத்தையும் வண்டிக்கே குடுக்கிறதுதான் எல்லாரும் செய்யற தப்பு. மூணுல ரெண்டு பங்கு வண்டிக்கு, ஒரு பங்கு வாங்கின முதல் மாசச் செலவுக்கு. டயர், செயின் ஸ்ப்ராக்கெட், கேபிள், இன்சூரன்ஸ், பேர் மாத்துற செலவுன்னு எல்லாம் வரிசை கட்டி நிக்கும்.

முதல் செலவு பிரேக்குக்கு. முன்னாடியும் டிரம், பின்னாடியும் டிரம். 2019-ல் இருந்து புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். அல்லது கம்பைண்டு பிரேக் கட்டாயம். உங்க ஆர்.எக்ஸ்.ஸுக்கு அப்படி எதுவும் கிடையாது. பறக்கிறதுல சூரன், நிக்கிறதுல சோம்பேறி! பிரேக் ஷூ புதுசாப் போடுங்க. டயர்ல நாலு இலக்க நம்பர் இருக்கும். '2319'னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். பட்டன் நல்லா இருந்தாலும், வயசான டயர் வெடிக்கும். மாத்திடுங்க.

சவுண்டுக்காக சைலன்ஸரை மாத்துற ஆசை இருந்தா, அதை மடிச்சு வெச்சுடுங்க. சத்தத்துக்கும் புகைக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம், மூணு மாசம் வரை சிறை, லைசென்ஸ் முடக்கம்னு மோட்டார் வாகனச் சட்டத்துல இடம் இருக்கு.

கொடைக்கானல் குடுத்த பாடம்

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? காலேஜ் படிக்கிறப்ப என் ரூம்மேட் ஒரு ஆர்.எக்ஸ். வாங்கினான். அவங்க அம்மா சீட்டு எடுத்துக் குடுத்த பணம். நாலாவது நாளே கொடைக்கானல் கிளம்பிட்டோம்.

ஏறும்போது ராஜா. இறங்கும்போதுதான் வினை. ஆக்ஸிலேட்டரை முழுசா மூடிட்டு, கியர்லயே வத்தலக்குண்டு பக்கமா சரசரன்னு இறங்கினான். திடீர்னு இன்ஜின் 'கீச்'னு அலறி, பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. ரெண்டு பேரும் ரோட்டுல. முழங்கை, முழங்கால் எல்லாம் ரத்தம். பின்னாடி வந்த பஸ் டிரைவர் சட்டுனு பிரேக் அடிச்சதாலதான், இதை எழுத இன்னிக்கு நான் இருக்கேன்.

காரணத்தை மதுரை மெக்கானிக்தான் சொன்னார். ஆர்.எக்ஸ்.ஸுக்குள்ள ஆயிலைத் தனியா அனுப்ப ஒரு குட்டி பம்ப் இருக்கும். யாரோ ஒரு பழைய ஓனர் அதைக் கழட்டிப் போட்டுட்டு, பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஓட்டியிருக்கார். அப்படி இருக்கிற வண்டியில ஆக்ஸிலேட்டரை மூடினா பெட்ரோலும் போகாது, ஆயிலும் போகாது. வேகமா சுத்துற பிஸ்டன் வறண்டுபோய் ஜாம் ஆயிடும். பம்ப் வேலை செய்யற வண்டியிலயும் இறக்கத்துல அப்பப்ப லேசா ஆக்ஸிலேட்டர் குடுக்கிறதுதான் நல்லது. இன்ஜின் இறுகுற மாதிரி தோணின அந்த நொடி கிளட்சைப் பிடிச்சுடணும். அதனால ஓட்டும்போது ரெண்டு விரல் எப்பவும் கிளட்ச் மேல இருக்கட்டும்.

ஆர்.சி.யில இருந்த பெரியவர் இறந்து வருஷக்கணக்காச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வண்டி மாடிப்படிக்குக் கீழே தூங்கிச்சு. அவங்க அம்மா ஒரு வார்த்தை திட்டல. ஓடாத வண்டிக்காக மிச்சமிருந்த பதினாலு மாசச் சீட்டுத் தவணையையும் மாசாமாசம் கட்டி முடிச்சாங்க. அந்தப் பதினாலு மாசமும் அவன் ஊருக்குப் போறப்பல்லாம் அந்தப் படிக்கட்டைக் குனிஞ்ச தலையோடதான் தாண்டினான்.

வாங்கியாச்சா? வாராவாரம் இதைச் செய்யுங்க!

* ஞாயித்துக்கிழமை காலையில 2டி ஆயில் டேங்கைத் திறந்து அளவு பாருங்க. ஒரு தடவை வத்திப்போனா ஊத்தினா மட்டும் போதாது, பைப்ல புகுந்த காத்தையும் எடுக்கணும். கியர்பாக்ஸ் ஆயில் வேற. அதை மறந்துடாதீங்க.

* மாசம் ஒரு தடவை பிளக்கைக் கழட்டிப் பாருங்க. முனை காப்பிப்பொடி நிறத்துல இருந்தா இன்ஜின் ஆரோக்கியம். கறுப்பா, பிசுபிசுன்னு இருந்தா ஆயிலோ பெட்ரோலோ ஜாஸ்தி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தா ஆபத்து. உடனே மெக்கானிக்கிட்ட போங்க. ஒரு ஸ்பேர் பிளக்கும் ஸ்பேனரும் எப்பவும் கூடவே இருக்கட்டும்.

* நம்ம ஊர்ப் புழுதிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். புறவழிச்சாலை, மேலூர் பக்கம் அடிக்கடி போறவங்க அடிக்கடி சுத்தம் பண்ணுங்க. செயினுக்கும் மறக்காம ஆயில் விடுங்க.

* இது காத்துல குளிர்ற இன்ஜின். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல ஊர்ந்து போறதைவிட, ஆஃப் பண்ணிட்டுத் தள்ளிட்டுப் போறது வண்டிக்கு நல்லது... தள்ளுறதும் ஒரு எக்ஸர்சைஸ்தானே!

* இப்ப பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்க்கு அது ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் குழாயைப் புதுசா மாத்திடுங்க. செமஸ்டர் லீவுல ஊருக்குப் போறீங்களா? பெட்ரோல் காக்கை மூடிட்டு, கார்புரேட்டர் காலியாகி வண்டி தானா நிக்கிற வரை ஓட விட்டுட்டுப் போங்க.

* புது போர் போட்டா, முதல் சில நூறு கிலோமீட்டர் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி மெதுவாத்தான் போகணும். யார் ஓவர்டேக் பண்ணினாலும் புன்னகை மட்டும்!

எல்லாம் முடிஞ்சு, ஆர்.சி. உங்க பேர்ல கைக்கு வர்ற அன்னிக்கு, முதல் ரவுண்டுக்கு ஃப்ரெண்டை ஏத்தாதீங்க. இந்த வண்டிக்குப் பணம் குடுத்தது யாரோ, அம்மாவோ அப்பாவோ அக்காவோ, அவங்களை உட்கார வைங்க. வண்டியூர் தெப்பக்குளத்தை மெதுவா ஒரு சுத்து. வேகம் 40-க்குள்ள. ஹெல்மெட் ரெண்டு.

பின்னாடி இருந்து, 'பரவால்லடா, நல்லாத்தான் ஓட்டுறே'ன்னு ஒரு குரல் வரும் பாருங்க... அந்த பிக்-அப்பை எந்த ஃபெராரியும் குடுக்காது பாஸ்!