டிஸ்க் இருக்கிறது, டிரைவ் இல்லை: லேப்டாப்பில் படம் பார்ப்பவர்கள் கவனத்துக்கு

ஆவடி, அம்பத்தூர் பக்கம் பல வீடுகளின் பீரோக்களில் இன்னும் ஒரு கட்டு டிவிடி தூங்கிக்கொண்டிருக்கும். மோசர் பேயர் நிறுவனம் மலிவு விலையில் தமிழ்ப் படங்களை விற்ற காலத்தில் வாங்கியவை. கூடவே கல்யாண டிவிடி. பிள்ளைகள் கையில் இருக்கும் சின்ன லேப்டாப்பிலோ டிஸ்க் போட இடமே கிடையாது. உடனே காதில் விழும் யோசனை: "பென்டிரைவைக் கொடு, கடையில் படம் ஏற்றித் தருவார்கள்." இல்லையென்றால் ஏதாவது ஒரு இலவசத் தளத்திலிருந்து டவுன்லோடு.

இரண்டுமே வேண்டாம். அனுமதியின்றிப் படத்தை நகலெடுத்து விற்பவருக்கு 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தமிழ்நாட்டில் 2004 முதல் திருட்டு விசிடிக்காரர்கள் மீது குண்டர் சட்டமும் பாயும். தியேட்டரில் செல்போனில் படம்பிடிப்பதற்கு சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் குறைந்தபட்ச அபராதமாகவே 3 லட்சம் ரூபாய் வைத்திருக்கிறது. விளையாட்டாகப் படம்பிடிக்கும் கல்லூரிப் பையன்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கின் கதை வேறு. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. டிஸ்க்கின் பூட்டை உடைப்பதை 2012இல் வந்த 65ஏ பிரிவு குற்றமாக்கினாலும், உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் அது பொருந்தும். ஆகவே நம் டிஸ்க்கை நாம் மட்டும் பார்க்க லேப்டாப்பில் ஏற்றிக்கொள்வதில் தவறில்லை என்பதே என் கருத்து. அந்த நகலை நண்பருக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். கல்யாண வீடியோவில் சந்தேகத்துக்கே இடமில்லை: வேறு ஒப்பந்தம் எழுதாதவரை, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே அதன் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. ஸ்டூடியோவில் தயங்காமல் பென்டிரைவில் கேளுங்கள்.

யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கினாலே பாதி வேலை முடிந்தது. செருகியதும் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வந்து டிஸ்க் சுற்றாவிட்டால் டிரைவ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்; பெரும்பாலும் மின்சாரம் போதாமைதான். பழைய யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், யுஎஸ்பி 3 போர்ட் 900 தரும். ஹப்பில் செருகாமல் நேரே லேப்டாப்பில் செருகுங்கள். விண்டோஸ் தானாக டிவிடி படத்தை ஓட்டாது. இலவசமான விஎல்சி பிளேயர் ஓட்டும். அதை விஎல்சியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள்.

இலவசத் தளங்களின் பெரிய ஆபத்து வழக்கைவிட வைரஸ்தான். விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்துவிடும். அதனால் 'படம்.எம்பி4.இஎக்ஸ்இ' என்ற கோப்பு 'படம்.எம்பி4' என்றுதான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு தட்டு தட்டினால் ஓடுவது படம் அல்ல, பாஸ்வேர்டு திருடும் புரோகிராம். 'வியூ' மெனுவில் கோப்பு வகையைக் காட்டச் சொல்லிவையுங்கள். "இந்தப் படம் ஓட புதிய பிளேயர் தேவை" என்று எந்தத் தளம் கேட்டாலும் மூடிவிடுங்கள்.

இப்படித் திருடப்பட்ட பாஸ்வேர்டால் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள், அடுத்த நிமிடமே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணை அழையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, தகவல் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் இல்லையென்றால், 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஆவடி போலீஸ் கமிஷனரகத்தின் கீழ் வருவதால் நேரில் புகார் தருபவர்கள் அங்குள்ள சைபர் கிரைம் பிரிவுக்குப் போகலாம்.

வாங்கிய டிரைவ் வேலை செய்யாமல் கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதிலும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ஆனால் பில் வேண்டும். பில் தராத கடையில் வாங்காதீர்கள்.