"பொசிற்றிவ்" என்றால் நல்ல செய்தியா?

எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருக்கும் ஓர் அக்காவுக்கு மார்பில் சின்னக் கட்டி. ஊசியால் குத்தி ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு கிழமை கழித்துத் தொலைபேசி வந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் ஓடாது. பதினொரு வயது மகன்தான் வாங்கிக் கதைத்தான்.

"அம்மா, பொசிற்றிவ் எண்டு சொல்லினம்."

"அப்பிடியெண்டா என்ன தம்பி?"

"நல்லதம்மா. பள்ளிக்கூடத்தில ரீச்சரும் எப்பவும் பொசிற்றிவா இருங்கோ எண்டுதான் சொல்லுறவ."

அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்து உடைத்தார். எங்களுக்கும் மோதகம் வந்தது; நாங்களும் சந்தோசமாகச் சாப்பிட்டோம். அடுத்த சந்திப்புக்கு அவர் போகவில்லை. நல்ல செய்தி வந்தபின் எதற்கு ஒரு நாள் சம்பளத்தை இழப்பான்? மூன்று கிழமைக்குப் பிறகு மறுபடி அழைப்பு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. சிகிச்சை முடிந்து அக்கா இன்று நடமாடுகிறார், அது கடவுள் புண்ணியம். ஆனால் அந்தப் பொடியன் இன்னும் தாயின் முகத்தை நேரே பார்த்துக் கதைக்கத் தயங்குகிறான். பிழை அவனுடையதல்ல. பெரியவர்களின் சுமையை நாங்கள்தான் அவன் தலையில் ஏற்றினோம்.

அதனால்தான் இதை எழுதுகிறோம். நாங்கள் வைத்தியம் படித்தவர்கள் அல்ல. பகலும் இரவும் தொழிற்சாலையில் நிற்பவர்கள். கேட்டும் விசாரித்தும் அறிந்த சொற்களை, புதிதாக வந்து இறங்கியிருக்கும் உங்களுடன் பகிர்ந்து கொள்கிறோம்.

முதலில் அந்தப் பொல்லாத சொல். பரிசோதனையில் "பொசிற்றிவ்" என்றால் தேடியது கிடைத்துவிட்டது என்று பொருள். "நெகற்றிவ்" என்றால் தேடியது இல்லை. புற்றுநோயைத் தேடினால் நெகற்றிவ்தான் நல்ல செய்தி. துண்டு எடுத்துப் பார்ப்பதைப் "பயொப்ஸி" என்பார்கள். முடிவு "பெனைன்" என்று வந்தால் அது புற்றுநோய் அல்ல. "மலிக்னன்ற்" என்று வந்தால் புற்றுநோய். "ரியூமர்" என்பது வெறும் கட்டிதான். அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். "லைபோமா" என்று கேட்டுப் பதறவேண்டாம், அது கொழுப்புக்கட்டி. "ஓமா" என்று முடிவதெல்லாம் புற்று அல்ல. ஆனால் "கார்சினோமா", "மெலனோமா" இரண்டும் புற்றுநோயின் பெயர்கள்.

இன்னும் இரண்டு சொற்கள் எங்களைக் குழப்பும். "ஸ்ரேஜ்" என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. ஒன்றிலிருந்து நான்கு வரை சொல்வார்கள். "கிரேட்" என்பது நுணுக்குக்காட்டியில் அந்தக் கலங்கள் எப்படித் தோன்றுகின்றன, எவ்வளவு வேகமாக வளரக்கூடியவை என்பது. "கிரேட் மூன்று" என்றதும் எங்களுக்குப் பிள்ளையின் வகுப்புத்தான் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் கிரேட் கூடினால் மகிழ்ச்சி, இங்கே கூடினால் வேகமான நோய். கிரேட் மூன்றையும் ஸ்ரேஜ் மூன்றையும் ஒன்றென்று எண்ணி மனமுடைந்து போகாதீர்கள்.

இனித் தோலுக்கு வருவோம். எங்கள் வீடுகளில் இதற்குச் சொல் பஞ்சம் இல்லை. சொறி, சிரங்கு, படை, தேமல், கரப்பன், மரு, மச்சம், அக்கி என்று எத்தனை! இங்குள்ள டொக்டரிடம் போனால் எல்லாவற்றையும் "இச்சிங்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

சிரங்கு என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் "ஸ்கேபீஸ்". கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி தோலுக்குள் துளைத்து முட்டையிடுவதால் வருவது. இராவில் கடி கூடும், விரலிடுக்கில் தொடங்கும். ஒரு பேஸ்மென்ரில் எட்டுப்பேர் நெருங்கி இருந்தால் எட்டுப்பேரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும், துணிகளையும் வெந்நீரில் தோய்க்கவேண்டும். ஒருவர் மட்டும் பூசினால் சுற்றிச்சுற்றி வரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படை என்பது "றிங்வேம்". பெயரில் புழு இருந்தாலும் உண்மையில் அது பூஞ்சணம். கரப்பனை "எக்ஸிமா" என்பார்கள்; அது ஒட்டாது. செதிள் செதிளாக உரியும் "சொரியாசிஸ்" ஒட்டாது. வெண்புள்ளி, அதாவது "விற்றிலைகோ"வும் ஒட்டாது. அதை வெண்குட்டம் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களின் கலியாணத்தைக் குழப்பினோம்! அதற்கும் குட்டநோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தச் சொல்லை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

எங்களோடு வேலை செய்பவர்கள் பலருக்குக் கைகளில் வெடிப்பும் கடியும் உண்டு. எண்ணெய், சவர்க்காரம், இறப்பர்க் கையுறை, பசை இவைதான் பல தடவை காரணம். "டேர்மா" என்றால் தோல், "ஐற்றிஸ்" என்றால் அழற்சி. இரண்டும் சேர்ந்தால் "டேர்மற்றைற்றிஸ்". வேலையால் வந்ததாகத் தோன்றினால் அதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். என்ன பொருளைத் தொடுகிறீர்கள் என்று போத்தலின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். வேலையால் வரும் தோல் வருத்தத்துக்கு ஒன்ராறியோவில் வேலையிடக் காப்புறுதிச் சபையிடம் நட்டஈடு கேட்கவும் வழியுண்டு.

இன்னொன்று. தோல் "சிவந்திருக்கிறதா" என்று டொக்டர் கேட்பார். எங்கள் கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. கறுத்தோ சாம்பலாகவோ ஊதாவாகவோதான் தெரியும். "இல்லை" என்று தலையாட்டாமல், நிறம் மாறியிருக்கிறது என்று காட்டுங்கள். கறுத்தவர்களுக்குத் தோல் புற்று வராது என்ற நினைப்பும் பிழை. குறைவு, ஆனால் வரும். வரும்போது வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி போன்ற இடங்களில் வருவதுண்டு. பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின் கீழ்தான் மெலனோமா தொடங்கியது. 1977இல் கண்டுபிடித்தார்கள்; 1981இல், 36 வயதில் இறந்துபோனார். அடிபடாமலே நகத்தில் கறுப்புக் கோடு வந்தாலும், மச்சம் பெருத்தாலும், உருவம் மாறினாலும், இரத்தம் கசிந்தாலும் காட்டிவிடுங்கள்.

புற்றுநோய் என்ற பெயரையே வாயால் சொல்லப் பயப்படுகிறவர்கள் நாங்கள். ஊரில் "மகரகமவுக்குக் கொண்டு போட்டினமாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும், எல்லோருக்கும் விளங்கும். கிரேக்கர் இந்த நோயை நண்டு என்றார்கள். "கான்சர்" என்ற இலத்தீன் சொல்லுக்கும் நண்டு என்றுதான் பொருள். எங்கள் மொழியில் அது நிலத்தடியில் ஓசையின்றி வளரும் புற்று. புற்றைச் சின்னதிலே கண்டால் கிளறிவிடலாம். அதற்கு முதலில் பெயரைச் சொல்லத் துணிய வேண்டும்.

சொல் இல்லாத இனமல்ல நாங்கள். அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். 1864இலிருந்து மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போய்விட, ஊர்ச்சனத்துக்கு வைத்தியர் இல்லாமற் போகிறது என்பது அவர் கவலை. "இரண வைத்தியம்", "மனுஷ அங்காதிபாதம்", "கெமிஸ்தம்" என்று நூல்களைத் தமிழில் ஆக்கினார். எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளைக்காரர், நோயாளிக்கு விளங்கவேண்டும் என்று எங்கள் மொழியைப் படித்தார். அவர் வேலை செய்த ஊரிலிருந்து வந்த நாங்கள், விளங்காமலே "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிட்டு வருகிறோம்.

ஆகவே அன்பான வாசகர்களே, மூன்று சொற்களைப் பாடமாக்குங்கள்: "தமிழ் இன்ரப்பிறிற்றர், பிளீஸ்." இங்கே பல வைத்தியசாலைகள் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலாவது பிடித்துத் தரும். கேட்பது பிச்சை அல்ல. 811 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் ஒன்ராறியோவில் எந்த நேரமும் ஒரு தாதியுடன் இலவசமாகக் கதைக்கலாம். அங்கும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். முடிவு சொல்லும்போது, "இது கான்சரா, இல்லையா?" என்று நேரே கேளுங்கள். சொன்னதைக் கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் படிக்க விடுங்கள். தாயின் நோயைத் தாய்க்குச் சொல்லும் வேலை அவர்களுக்கு வேண்டாம்.