சர்வோ மோட்டார் ஏன் உறுமுகிறது?

மரம் செதுக்கும்போது சிற்பியின் கண் பார்க்க, கை திருத்துகிறது. வீட்டில் கட்டிய சிஎன்சி இயந்திரத்தில் அந்தக் கண், மோட்டாரின் நிலையைப் பார்க்கும் என்கோடர். கை சர்வோ மோட்டார்.

நிற்க வேண்டிய இடத்தில் மோட்டார் உறுமி நடுங்குகிறதா? மோட்டாரை இயக்கும் டிரைவ் சிறு பிழைக்கும் பெருந்திருத்தம் கொடுக்கிறது. மோட்டார் இலக்கைத் தாண்டுகிறது, திரும்புகிறது, மறுபடி தாண்டுகிறது. பிழைக்கு எவ்வளவு திருத்தம் என்பதைச் சொல்லும் ‘பி’ (P) கெயினைக் குறையுங்கள். ‘டி’ (D) கெயினைக் கொஞ்சம் ஏற்றினால் அலைச்சல் அடங்கும், அதிகமானால் அதுவே இரையும். ‘ஐ’ (I) கெயினைத் தொடுவது கடைசியில்தான். இதற்கெல்லாம் முன்னால், பவரை அணைத்துவிட்டு மோட்டார் தண்டை இணைக்கும் கப்ளிங்கின் திருகை இறுக்கிப் பாருங்கள். லூசான கப்ளிங்கை எந்த கெயினும் சரிசெய்யாது.

ஆன் செய்ததுமே மோட்டார் ஒரே திசையில் பிய்த்துக்கொண்டு ஓடினால் அது ட்யூனிங் கோளாறே அல்ல. என்கோடரின் ஏ, பி (A, B) வயர்கள் இடம் மாறியிருக்கலாம்.