உறை ஊற்றிய பாலும் கோவாச் சட்டியும்

என் அக்கா மகன் கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படித்து முடித்தவன். வேலைக்கான கடிதம் வந்துவிட்டது. என்றைக்கு வந்து சேர வேண்டும் என்ற தேதி மட்டும் ஏழு மாதமாக வரவில்லை. சாப்பிடும்போதும் ஒரு கை போனில்தான் இருக்கும். "இல்லைன்னு சொல்லிட்டாக்கூட நிம்மதி சித்தி" என்றான் ஒருநாள்.

அவன் சொன்னதில் தப்பில்லை. 2016இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரை ஒரு கணினி விளையாட்டில் உட்கார வைத்தார்கள். திரையில் வரும் கல்லுக்கு அடியில் பாம்பு இருந்தால், கையில் சுருக்கென்று மின்சாரம் பாயும். பாம்பு கட்டாயம் உண்டு என்று தெரிந்தபோதுகூட அவ்வளவு பதற்றமில்லை. உண்டோ இல்லையோ என்று பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போனது. அடுத்து என்ன வரும் என்று கணக்குப் போடுவது மூளையின் வேலை. கணக்கு எந்தப் பக்கமும் சாயாவிட்டால் அதற்குத் தூக்கமே கிடையாது.

அடுப்பங்கரையில் நின்றுதான் இதை அவனுக்கு விளங்கவைத்தேன். பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். கோவாவாக வேண்டுமானால் அது வற்ற வேண்டும், பாலோ கருகக் கூடாது. சட்டி முன்னால் நிற்பவர் கரண்டியை நிறுத்துவதேயில்லை. நீர் குறையக் குறைய, பாலின் புரதமும் சர்க்கரையும் நெருங்கி அடியில் ஒட்டப் பார்க்கும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அடிப்பிடித்துவிடும். அந்தத் தீய்ந்த வாடை சட்டி முழுக்க ஏறும். முதலில் வெகுநேரம் ஒன்றும் நடக்காதது போலத்தான் தெரியும். ஆவி மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

அதே பாலில் தயிரும் ஆகிறது. வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி உறை. அதிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன. புளிப்பு ஏற ஏற, கேசீன் புரதம் ஒன்றோடொன்று கோத்து வலையாகித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இங்கே கரண்டிக்கு வேலையில்லை. உறைந்ததா உறைந்ததா என்று பாத்திரத்தை ஆட்டிக்கொண்டே இருந்தால் வலை அறுந்து தண்ணீர் பிரியும். கட்டித் தயிர் கிடைக்காது.

காத்திருப்பவர் வீட்டில் இந்த இரண்டு பாத்திரமும் இருக்கும். எது எது என்று பிரித்தறியத் தெரிந்தால் பாதிப் பாரம் குறையும். தேதி, உறை ஊற்றிய பால். படிப்பும் உடம்பும் கைச்செலவுக்குச் சம்பாதிப்பதும் கோவாச் சட்டி. பிள்ளை இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தான்; தயிரைக் கிண்டினான், கோவாவை அடுப்பிலேயே விட்டுவிட்டான். கலிபோர்னியாவில் உளவியலாளர் கேட் ஸ்வீனியின் குழு, வழக்கறிஞர் தேர்வு முடிவுக்குக் காத்திருந்தவர்களை ஆராய்ந்தது. நேரம் போவதே தெரியாமல் ஏதாவது வேலையில் மூழ்கியவர்களுக்கு மனசு நன்றாக இருந்ததாம். கரண்டியைப் பிடித்த கைக்குப் பக்கத்துப் பாத்திரத்தைத் திறக்க நேரமில்லை, அவ்வளவுதான்.

சரி, நம்பிக்கை எங்கிருந்து வரும்? உறை என்பது நேற்றைய தயிர். பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் கவுன்சலிங்குக்கும் இவன் இதே போல் தவித்தவன்தான். அவை இரண்டும் கடந்துபோயின. அந்த ஒரு கரண்டிதான் இன்றைய பாலுக்கு. வீட்டில் உறை இல்லாத நாளில் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்படிக் கேட்க ஆண்டாள் இருக்கிறாள். அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டவள் அவள். சில நூற்றாண்டு கழித்து ராமானுஜர் அந்த நேர்த்தியைச் செலுத்திவிட்டு ஊருக்கு வந்தபோது, அவரை அண்ணா என்று அழைத்தாள் என்கிறது வைணவ மரபு. நூற்றாண்டுக் கணக்கில் மூடி வைத்த பாத்திரம் அது.

தேதி இன்னும் வரவில்லை. அவன் இப்போது சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறான். மெயிலைக் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பார்க்கிறான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். "தேதி வந்துச்சா?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்காதீர்கள். அது உறை ஊற்றிய பாத்திரத்தை ஆட்டுகிற வேலை. சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.