யாழ்ப்பாணத்துக் கார்கள்: வாகனத் தெரிவின் பிரதேச வேறுபாடு பற்றி ஒரு நோக்கு

ஒரு பிரதேசத்தில் எவ்வகைக் கார் பெருவழக்காய் உள்ளது என்னும் வினாவுக்கு அப்பிரதேச மக்களின் இரசனையை விடையாகக் கூறுவது எளிது. அமெரிக்கர் பெரியதை விரும்புவர், யப்பானியர் சிறியதை விரும்புவர், யாழ்ப்பாணத்தார் பழையதைக் கைவிடார் என்றவாறு செல்லும் இக்கூற்றுகள் விளக்கம் போலத் தோன்றினும் எதனையும் விளக்குவதில்லை. அவ்விருப்பம் எவ்வாறு உருவாயிற்று என்பதே ஆராயற்பாலது.

யப்பானில் 660 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட எஞ்சினும் 3.4 மீற்றருக்கு மேற்படாத நீளமும் உடைய சிறு கார்களுக்கு வரி குறைவு. அங்கு விற்பனையாகும் புதிய வாகனங்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவை இவ்வரம்புக்குள் அடங்குவன. ஐக்கிய அமெரிக்காவிலோ, மேற்கு ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழியிறைச்சிக்கு விதித்த தீர்வைக்குப் பதிலடியாக, 1964 முதல் இறக்குமதியாகும் சிறு லொறிகள் மீது 25 சதவீதத் தீர்வை விதிக்கப்பட்டது. கோழித் தகராறு மறக்கப்பட்டது, தீர்வை நிலைத்தது. உள்நாட்டுப் பிக்கப் வண்டிகள் அடைந்த மேலாதிக்கத்தில் இத்தீர்வைக்கும் பங்குண்டு. இரசனை எனப்படுவதன் பின்னால் அரசாங்க வர்த்தமானி ஒன்று இருத்தல் அரிதன்று.

யாழ்ப்பாணத்தை இக்கண்கொண்டு நோக்குவோம். கொழும்பு வீதிகளை யப்பானியக் கார்கள் நிறைத்துவிட்ட 1990களிலும் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ 40, ஏ 30, மொறிஸ் மைனர் முதலிய 1940களினதும் 1950களினதும் பிரித்தானிய வண்டிகளே வாடகைக் கார்களாகவும் வீட்டுக் கார்களாகவும் ஓடின. இதற்கு யாழ்ப்பாணத்தாரின் சிக்கனமே காரணம் என்பது வழக்கமான விடை. பிறர் கேலியாகச் சொன்னதை நாமும் சற்றுப் பெருமையுடன் ஏற்றுக்கொண்டோம்.

இவ்வண்டிகள் வந்த காலத்தில் அவை பழையன அல்ல. குடியேற்ற ஆட்சிக்காலத்து வர்த்தகப் பிணைப்பினால் இலங்கை முழுவதும் பிரித்தானியக் காரே முதன்மை பெற்றிருந்தது. அரசாங்க உத்தியோகம், மலாயா ஓய்வூதியம், புகையிலை வாணிபம் ஆகியவற்றால் வந்த பணம் குடாநாட்டின் மத்தியதர வகுப்பினருக்கு அதனை எட்டச் செய்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1970–77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடு மிளகாய், வெங்காயம் பயிரிட்ட வடபுல விவசாயிக்குப் பணத்தைக் கொடுத்தது. அதே கட்டுப்பாடு அவன் வாங்கத்தக்க புதிய காரை இல்லாமற் செய்தது. ஆகவே இருந்த வண்டிகளே கைமாறின. 1977இன் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது யப்பானியக் கார்கள் பெருமளவில் வந்தன. 1983இன் பின் விரிந்த யுத்தம் அவ்வெள்ளத்தின் பெரும்பகுதி வடக்கை அடையாதவாறு தடுத்தது.

வேறொரு செய்தியையும் இவ்விடத்துக் குறிப்பிடலாம். 1957–58 காலப்பகுதியில் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுத்தப்பட்டதும் தமிழ்ப் பகுதிகளில் அதற்கெதிராகப் போராட்டம் எழுந்ததும் யாவரும் அறிந்தவை. அதற்கு முன் பதிவான இ.எல்., இ.என். தொடர் வண்டிகளில் அவ்வெழுத்து இருக்கவில்லை. இதன்பொருட்டே பழைய காரைப் பேணினர் என வாதிடுதல் மிகையாகும்; எனினும் அத்தகடு தந்த மனநிறைவை முற்றாகப் புறக்கணித்தலும் பொருந்தாது.

1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையே தீர்க்கமான காரணியாயிற்று. பெற்றோல் தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடான பொருளேயெனினும் விலை கொடுத்தாற் கிடைத்தது. எந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடுமோ அதுவே கார் என்றாயிற்று. சிறிய போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றரிற் சில துளிகள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே இம்முறைக்குக் காரணம்.

ஆவியாதல் ஒரு தடை மட்டுமே. உருளையுட் புகும் கலவையைப் பிஸ்ரன் எத்தனை மடங்கு நெருக்குகின்றது என்பதே நெருக்கல் விகிதம். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகத் தாழ்ந்தது. விகிதம் உயர்ந்த எஞ்சினில் அது உரிய கணத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைத் தட்டச் செய்யும். 1980களின் யப்பானியக் கார்களின் விகிதம் பெரும்பாலும் 9 இற்கு 1 என்னும் அளவை அண்டியது. ஏ 40, ஏ 30 ஆகியவற்றின் விகிதமோ 7 இற்கு 1 என்பதை ஒட்டியதே. இத்தாழ்ந்த விகிதத்திற்கும் ஒரு வரலாறுண்டு. இரண்டாம் உலகயுத்தம் தொடங்கியதும் பிரித்தானிய அரசு கம்பனிகளின் பெற்றோல் வகைகளை ஒன்றாக்கி, ஏறத்தாழ 70 ஒக்ரேன் கொண்ட தாழ்தரப் பெற்றோலை மட்டுமே விற்கச் செய்தது. 1953 வரை இந்நிலை நீடித்தமையால் அக்காலத்து எஞ்சின்கள் அப்பெற்றோலுக்கு ஏற்பவே வடிவமைக்கப்பட்டன. இலண்டனின் யுத்தகாலப் பங்கீடு நாற்பது ஆண்டுகளின் பின் பருத்தித்துறை வீதியிற் பயன் தந்தது.

பயனுக்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்து தாங்கிகளைத் தேய்த்தது; கரி விரைவிற் படிந்தது; புகையும் நெடியும் வண்டிக்குள்ளும் நிறைந்தன. தலையைக் கழற்றிக் கரி சுரண்டுதலும், உதிரிப்பாகம் வராத நிலையிற் கடைசல் பொறியில் அதனை ஆக்கிக்கொள்ளுதலும் கராச்சுகளின் அன்றாட வேலைகளாயின. எளிய இயந்திரமும் மேடுபள்ளமற்ற நிலமும் குறுகிய தூரங்களும் இதற்குத் துணைநின்றன. மலையகத்து ஏற்றங்களில் இவ்வாறு ஓடியிருத்தல் ஐயமே. நோயாளியும் மணமக்களும் பிரசவத்துக்குச் செல்லும் பெண்ணும் இவ்வண்டிகளிலேயே சென்றனர். இதனைச் சிக்கனம் என்றழைப்பது முற்றுகையைப் பழக்கமாகத் திரித்துக் கூறுவதாகும்.

2002 ஏப்ரிலில் ஏ 9 வீதி திறக்கப்பட்டதும் யப்பானிய வாகனங்கள் வந்து சேர்ந்தன. 2006இல் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009இல் யுத்தம் முடிந்தபின் குத்தகைக் கடன் கம்பனிகளும் இந்தியச் சிறு கார்களும் முச்சக்கரவண்டிகளும் எஞ்சியதை மாற்றின. குடாநாட்டாரின் ‘பழமைப்பற்று’ சில ஆண்டுகளிற் கலைந்தமை அது பற்றே அன்று என்பதற்குச் சான்று. தென்னிலங்கைச் சேகரிப்பாளர்கள் எஞ்சிய ஒஸ்ரின்களைத் தேடி வாங்கலாயினர். அவர்கள் மதிப்பது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோதிருந்த உருவத்தை. மண்ணெண்ணெய்க்கென மாற்றப்பட்ட காபரேற்றரும் உள்ளூரிற் கடைந்த பாகங்களும் அவர்கள் கணக்கிற் குறைபாடுகள். முதலிற் கழற்றப்படுவனவும் அவையே. அவற்றைச் செய்த கராச்சுத் தொழிலாளர் பலர் இன்று முதுமையடைந்துவிட்டனர். எந்த அளவுக்கு எதனை மாற்றினர், எத்தனை மைலுக்கொருமுறை எண்ணெய் மாற்றினர் என்பன அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன.